கொசு பறப்பதற்கு முந்தைய ஏழு நாட்கள்

சென்னையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மாநகராட்சியிடம் மக்கள் முதலில் கேட்பது, தங்கள் தெருவுக்குப் புகை மருந்து அடிக்க எப்போது வருவார்கள் என்பதைத்தான். புகை கண்ணுக்குத் தெரிவதால் வேலை நடக்கிறது என்ற நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் தெருவில் அடிக்கும் புகை அந்நேரத்தில் வெளியே பறக்கும் கொசுக்களைத்தான் கொல்லும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பெரும்பாலும் வீட்டுக்குள், கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிகளின் மறைவிலும் ஒதுங்கியிருக்கும். தண்ணீரில் வளரும் அதன் புழுக்களைப் புகை எட்டுவதே இல்லை.

கூவத்திலும் கழிவுநீர்க் கால்வாய்களிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்களுக்குப் புழுக்கொல்லி மருந்து தெளிக்கிறார்கள். ஏடிஸ் தேடுவது ஓரளவு தெளிந்த நீரை என்பதால், அதை வீடு வீடாகச் சென்றுதான் பிடிக்க முடியும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகிக் கொசுவாகப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகின்றன. ஆகவே ஒரு வீட்டை வாரத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டால், சென்ற முறைக்குப் பின் இட்ட முட்டைகள் சிறகு முளைக்கும் முன்பே அகப்பட்டுவிடும். கொசு ஒழிப்புப் பணியாளர்களின் வாராந்திரச் சுற்று இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

பணியாளர் ஒருவர் சிமெண்ட் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதைக் கவனித்தால் நுட்பம் புரியும். ஒளி பட்டவுடன் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கிவிடுவதால், முதல் பார்வைக்குத் தண்ணீர் சுத்தமாகவே தோன்றும். அவர் சற்றுப் பொறுத்திருப்பார். வால்பக்கச் சுவாசக் குழாயை நீர்மட்டத்தில் நீட்டி மூச்சு விட வேண்டியிருப்பதால், புழுக்கள் மேலே வந்தே தீர வேண்டும். தண்ணீரைக் கொட்டிவிட முடியாத தொட்டியாக இருந்தால், பலரும் ‘அபேட்’ என்று அறிந்த டெமிபாஸ் மருந்தை லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது 1,000 லிட்டருக்கு 1 கிராம் மூலமருந்து சேரும் அளவில் கலப்பார். அது புழுவின் நரம்புகளைச் செயலிழக்கச் செய்கிறது.

கொட்டாங்குச்சி, பழைய டயர், ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டு போன்றவற்றில் தேங்கிய நீரைக் கொட்டினால் புழுக்கள் போய்விடும், முட்டைகள் போகா. ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கலனின் ஈரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. அவை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், மீண்டும் நீர் ஏறியவுடன் பொரிந்துவிடும். தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்வது இதனால்தான். அந்தச் சொல்லை நாம் அலட்சியப்படுத்துவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

பார்த்த வீடுகள் 100 என்றும் அவற்றுள் 8 வீடுகளில் புழு இருந்தது என்றும் வைத்துக்கொண்டால், அப்பகுதியின் வீட்டுக் குறியீடு 8 ஆகும். எந்தத் தெருவுக்குக் கூடுதல் ஆட்களை அனுப்புவது என்பதை முடிவு செய்ய இத்தகைய எண்கள் உதவுகின்றன. பூட்டிக் கிடக்கும் வீடு மட்டும் இந்தக் கணக்கில் வராது. அதன் மாடியில் மூடியில்லாத தொட்டி ஒன்று இருந்தாலே அக்கம்பக்கத்துக்கு எல்லாம் கொசு போய்ச் சேரும். அதனால்தான் பணியாளர்கள் பூட்டிய வீடுகளைத் தனியே குறித்துக்கொண்டு, மறுபடியும் வந்து கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.