கல்நாரை நச்சுத் தகடு ஆக்கியது யார்?

கொழும்பில் வட்ஸ்அப் வழியாகச் சுற்றும் தமிழ் அறிவித்தல்களில் ‘நச்சுத் தகடு’ என்றொரு சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. “வீட்டுக் கூரையிலுள்ள நச்சுத் தகடுகளை உடனடியாக அகற்றுங்கள்” என்கிறார்கள். முதலில் ஏதோ ஈயத் தகட்டைச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அஸ்பெஸ்டஸ் சீற்றாம்! அஸ்பெஸ்டஸுக்குக் கல்நார் என்று அருமையான சொல் கையில் இருக்கும்போது இது எதற்கு?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் அஸ்பெஸ்டோஸ் என்றால் ‘அணைக்க முடியாதது’. கிரேக்கர் அந்தப் பெயரைச் சுட்ட சுண்ணாம்புக்கே வழங்கினார்கள். நாராகப் பிரியும் கல்லை அமியாண்டோஸ், அதாவது ‘மாசுபடாதது’ என்றார்கள். நடுவில் பெயர் இடம் மாறி, ஆங்கிலத்தில் அப்படியே நின்றுவிட்டது. பிரெஞ்சுக்காரர் இன்றும் அமியாந்த் என்றுதான் சொல்கிறார்கள். ஆக மூலச்சொல்லே ஒரு குழப்பம். தமிழ்ச் சொல்லில் அந்தக் குழப்பம் இல்லை: கல், நார், அவ்வளவுதான். இலக்கணப்படி சேர்த்து ‘கன்னார்’ என்று எழுதலாம். ஆனால் கன்னார் என்றால் பித்தளை, வெண்கல வேலை செய்பவர்கள். அவர்கள் பெயரைத் தாங்கிய யாழ்ப்பாணத்துக் கன்னாதிட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பிரித்தே எழுதுவோம்.

கல்நார் என்பது ஒரே பொருளின் பெயரும் இல்லை. நாராகப் பிரியும் ஆறு சிலிக்கேட் கனிமங்களுக்கான பொதுப்பெயர் அது. நம் கூரைச் சீற்றுகளில் இருப்பது பெரும்பாலும் கிறிசோடைல் என்னும் வெள்ளை வகை. சீற்றில் பெரும்பங்கு சீமெந்து. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நார். வாழைநாரைக் கிழிக்கக் கிழிக்க மெல்லிதாகிக்கொண்டே போகுமே, இதுவும் நீளவாக்கில் அப்படித்தான் பிரியும். கடைசியில் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வந்து காற்றில் மிதக்கும். ஆபத்து இருப்பது அங்கேதான். அதைச் சுவாசித்தால் நுரையீரலுக்குள் தங்கிவிடும். உடம்பால் கரைத்து வெளியேற்ற முடியாது. நுரையீரல் தழும்பேறும் அஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதெலியோமா எல்லாம் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துக்கூட வரலாம். வெள்ளை வகை உட்பட எல்லாவற்றையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில்தான் வைத்திருக்கிறது.

“அப்படியானால் நச்சு என்பது சரிதானே?” என்று கேட்பீர்கள். இல்லை. நஞ்சு என்றால் தமிழ்க் காதுக்கு என்ன கேட்கிறது? தொட்டால் கெடுதி, வாயில் பட்டால் கெடுதி, வீட்டில் இருந்தாலே கெடுதி. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டுக்காரர் இதைப் படித்தால் என்ன செய்வார்? பதறிப்போய்க் கூரை வேலை செய்யும் ஒரு பாஸைக் கூப்பிடுவார். பாஸ் மேலே ஏறிச் சுத்தியலால் உடைப்பார், துருப்பிடித்த போல்ட்டைச் சுற்றிக் கிரைண்டர் போடுவார், துண்டுகளைக் கீழே எறிவார். பிறகு யாராவது விளக்குமாற்றால் காய்ந்த தூசைக் கூட்டுவார்கள். உடையாமல் கிடந்தவரை அந்தக் கூரையிலிருந்து வெளிவந்த நார் மிகக் குறைவு. இப்போது ஒழுங்கை முழுக்க அது பறக்கும். இன்னொருவர் ‘நச்சைக் கழுவிவிடலாம்’ என்று கம்பித் தூரிகையால் பாசியோடு சேர்த்துத் தேய்ப்பார். அதுவும் கேடுதான். ஒரு சொல் மக்களைக் கூரைமேல் ஏற்றிவிடுகிறது.

கல்நார் என்று சொல்லிப் பாருங்கள். ‘நார் எப்போது வெளியே வரும்?’ என்ற கேள்வி தானாகவே எழும். துளைத்தால், அறுத்தால், உரசினால், வேகமாகத் தண்ணீர் பீச்சினால், வெயிலிலும் மழையிலும் மேற்பரப்புச் சீமெந்து தேய்ந்தால் வரும். நல்ல நிலையில் இருந்தால் தொடாமல் விடு, அவ்வப்போது கவனி. கழற்றித்தான் ஆகவேண்டுமென்றால் நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடைக்காமல் முழுதாக இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்று. விழுந்த தூசை ஈரத்துணியால் துடை. எல்லாமே அந்த ‘நார்’ என்ற பாதியிலிருந்து வருகின்றன.

‘தகடு’ என்ற பாதியும் பிழை. பழைய தொழிற்சாலைகளில் கொதிகலனையும் நீராவிக் குழாயையும் சுற்றிக் கட்டிய காப்பிலும் கல்நார் உண்டு. கையால் பிடித்தாலே உதிரும் அந்தக் காப்பு, சீற்றைவிடப் பொல்லாதது. பழைய வாகனங்களின் பிரேக் லைனிங்கிலும் உண்டு. பஞ்சிகாவத்தையில் காற்றுக்குழாயால் பிரேக் தூசை ஊதுகிறவரிடம் போய் ‘நச்சுத் தகடு’ என்றால், தன்னிடம் தகடு ஏதும் இல்லை என்பார்.

‘எரியாநார்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். பொருள் தவறில்லை. ஆனால் அது பொருளை விற்றவன் சொன்ன பெருமை, எனக்கு ஒட்டவில்லை.

இந்த அறிவித்தல்களில் மற்றச் சொற்களும் இதே கதிதான். ‘முகமூடி அணியவும்’ என்று போட்டால் போதுமா? கொரோனாக் காலத்துத் துணிமுகமூடியை எடுத்து மாட்டுவார்கள். இந்த நாருக்கு அது ஒன்றும் செய்யாது. நுண்துகளை வடிகட்டும், முகத்தோடு இறுக ஒட்டும் சுவாசக் கவசம் என்று எழுதச் சோம்பலா?

இதைவிடக் கொடுமை, ‘2000ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய வீடுகள்’ என்ற வரி. அது பிரித்தானியத் துண்டுப்பிரசுரத்தில் இருக்க வேண்டிய வரி. அங்கே 1999இல் முழுத்தடை வந்தது. இங்கே 2018 ஜனவரியில் தொடங்கவிருந்த கட்டுப்பாடே, 2017 டிசம்பரில், நமக்குக் கல்நார் விற்கும் ரஷ்யா, தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததென்று காட்டி நம் தேயிலையை நிறுத்தியதும் பின்வாங்கப்பட்டது. சீற்று விற்பனை தொடர்ந்தது. மொழிபெயர்ப்பாளர் ஆண்டையும் சேர்த்துத் தமிழாக்கிவிட்டார். வெள்ளவத்தையில் 2010இல் மாடியில் ஓர் அறை போட்டவர் அந்த வரியைப் படித்துவிட்டு, ‘நம் வீடு புதுசுதானே’ என்று அன்டெனா பொருத்தக் கூரையில் ட்ரில்லை வைப்பார்.