ஒரே நாளில் ஏறிய 1.7 கிலோ

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு அக்காவிடமிருந்து போன். குரலே சரியில்லை.

"நேத்து ஒரே ஒரு கல்யாணத்துக்குத்தான்டா போனேன். ஒண்ணே முக்கால் கிலோ ஏறியிருக்கு. ஒரு மாசமா பட்ட பாடெல்லாம் போச்சு."

சனிக்கிழமை காலை 72.4. திங்கள் காலை 74.1. ராத்திரி சோற்றை நிறுத்தி, காபியில் சர்க்கரையை விட்டு, விடியற்காலையில் நடந்து நடந்து அவள் இறக்கிய எடை அது. இன்று முழுக்கப் பட்டினி கிடக்கப் போகிறேன் என்றாள். "எதுவும் போகலக்கா. மொதல்ல டிபனைச் சாப்பிடு, சாயந்தரம் பேசுவோம்" என்றேன். சாயந்தரம் அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். டயட்டைப் பாதியில் கைவிடுகிறவர்களில் பலர் இப்படி ஒரு திங்கட்கிழமை காலையில்தான் கைவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

உடம்பில் சேரும் ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7700 கலோரி வேண்டும். அன்றாடத் தேவை போக, அதற்கு மேல் உண்ண வேண்டிய கலோரி அது. அக்காவுக்கு ஏறிய 1.7 கிலோவும் கொழுப்பு என்றால், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளில் அவள் 13,000 கலோரிக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். ஓர் இட்லிக்கு 50 கலோரி என்று வைத்துக்கொண்டால் 260 இட்லி! காலை டிபனையும் மத்தியானப் பந்தியையும் எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் அவள் அன்று 1000 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருக்கலாம். அது முழுவதும் கொழுப்பாகவே படிந்தாலும் 130 கிராம். அப்படியானால் மீதி ஒன்றரைக் கிலோ எங்கிருந்து வந்தது?

பந்தி இலையைக் கண்முன் கொண்டு வாருங்கள். இடது ஓரத்தில் உப்பு, ஊறுகாய். அப்பளம், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், கடைசியில் மோருக்கு ஒரு மோர்மிளகாய். பெரியவர்கள் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கல்யாணப் பந்தி அந்த அளவை ஒரே வேளையில் தாண்டிவிடும். ரத்தத்தில் இருக்கும் சோடியத்தின் அடர்த்தியை உடம்பு மிகக் குறுகிய எல்லைக்குள் கட்டிக் காக்கிறது. உப்பு கூடினால் அதைக் கரைத்து வைக்கத் தண்ணீரும் கூட வேண்டும். தாகம் எடுக்கிறது, சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது.

எவ்வளவு தண்ணீர்? ஆஸ்பத்திரியில் ஏற்றும் எல்லாவற்றையும் நாம் குளுக்கோஸ் பாட்டில் என்றே சொல்லிவிடுகிறோம். அவற்றில் சலைன் என்பது உப்புநீர். அரை லிட்டர் சலைனில் 4.5 கிராம் உப்பு இருக்கும். ரத்தத்தோடு ஒத்துப்போகும் உப்பின் அளவு அதுதான். ஆக, நாலரை கிராம் உப்பைக் கூடுதலாகச் சாப்பிட்டால், சிறுநீரகம் அதை வெளியேற்றி முடிக்கும் வரை அரை லிட்டர் தண்ணீர் வரை உள்ளே தங்கும். வெளியேற்றி முடிக்க இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். காலையில் மோதிரம் விரலில் இறுகுவதும் இதனால்தான். அக்காவிடம் கேட்டேன். "ஆமாடா, சோப்பு போட்டுத்தான் கழட்டினேன்" என்றாள்.

அடுத்தது சோறு. நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பாகக் கல்லீரலிலும் தசைகளிலும் வைத்துக்கொள்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். ஒரு மாதமாக ராத்திரி சோறில்லாமல் நடந்துகொண்டிருந்த அக்காவின் கிடங்கு பாதி காலியாகத்தான் இருந்திருக்கும். கேசரி, பொங்கல், சாதம், பாயசம் எல்லாம் உள்ளே போனதும் அது நிரம்பியது. 150 கிராம் கிளைக்கோஜன் சேர்ந்திருந்தால், தண்ணீரையும் சேர்த்து 600 கிராம்.

உண்டது செரித்து வெளியேற ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகும் என்பதால், குடலில் இருப்பதும் எடையில் சேரும். வழக்கத்தைவிட ஒரு 400 கிராம் என்று வைப்போம். உப்புத் தண்ணீர் 500, கிளைக்கோஜன் 600, குடல் 400, கொழுப்பு 130. கூட்டினால் 1630 கிராம். இவை தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் காணாமல் போன ஒன்றரைக் கிலோ எங்கே ஒளிந்திருந்தது என்று தெரிந்துவிட்டது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அக்காவை அதிகம் ஆறுதல்படுத்தியது அதுதான். அவள் ஒரு நாளைக்குத் தேவையைவிட 500 கலோரி குறைவாகச் சாப்பிடுகிறாள். ஒழுங்காகக் கடைப்பிடித்தால் ஒரு நாளில் கரையும் கொழுப்பு 65 கிராம். வீட்டு எடை மெஷின் காட்டும் மிகச் சிறிய அளவே பெரும்பாலும் 100 கிராம். அதாவது ஒரு நாள் உழைப்பின் பலனைக் காட்டும் நுட்பமே அந்த மெஷினுக்குக் கிடையாது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் 200 கிராம் ஏறும், மூன்று நாள் டயட் அதற்குள் மறைந்துவிடும். காலையில் மெஷினில் ஏறி நின்று நாம் பார்ப்பது பெரும்பாலும் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தைத்தான். கொழுப்பு அதற்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கரைந்துகொண்டிருக்கிறது.

எடையின் இந்த அன்றாட ஏற்ற இறக்கத்தை முதலில் விடாப்பிடியாக அளந்தவர் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சந்தோரியோ என்ற மருத்துவர். பெரிய தராசுக் கோலில் ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து தன்னை எடை போட்டார். உண்டது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் எடை போட்டார். 1614இல் அவர் வெளியிட்ட முடிவு அன்றைக்குப் புதுமையானது: எட்டு பவுண்டு உள்ளே போனால், அதில் ஐந்து பவுண்டு வரை கண்ணுக்குத் தெரியாமலே உடம்பைவிட்டுப் போய்விடுகிறது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகும் நீராவிதான் அதில் பெரும்பகுதி. நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். படுக்கப் போகுமுன் ஒருமுறை, எழுந்ததும் கழிவறைக்குப் போகுமுன் ஒருமுறை எடை பாருங்கள். சில நூறு கிராம் குறைந்திருக்கும்.

கொழுப்பும் பெரும்பாலும் மூச்சு வழியாகத்தான் போகிறது. 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால், அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக நுரையீரல் வழியே வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014இல் இந்தக் கணக்கை வெளியிட்டார்கள். மூச்சு மூச்சாகப் போக வேண்டிய பொருள் அது, ஒரே ராத்திரியில் போகாது. வந்ததும் ஒரே ராத்திரியில் அல்ல.

தண்ணீர் எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். டயட் தொடங்கிய முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கினால் வீடே கொண்டாடுகிறது. மாவுச்சத்து குறைந்ததும் கிளைக்கோஜன் காலியாகி அதன் தண்ணீர் போகிறது. இன்சுலின் தாழ்வதால் சிறுநீரகம் சோடியத்தையும் வெளியே விடுகிறது, அதோடு இன்னும் கொஞ்சம் தண்ணீர். 'ஏழே நாளில் ஐந்து கிலோ' என்ற விளம்பரங்களின் ரகசியம் இதுதான். இரண்டாவது வாரம் இறக்கம் அரைக் கிலோவாகச் சுருங்கும்போது, டயட் வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்று மனம் உடைகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம். உண்மையான வேகம் அந்த இரண்டாவது வாரத்தில்தான் தெரிய ஆரம்பிக்கிறது.

பெண்களுக்கு மாதவிடாய் தொடங்கும் நாளையொட்டி உடம்பில் நீர் தேங்கும். அரைக் கிலோ, ஒரு கிலோ கூடுவது சாதாரணம். இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதத்தின் அதே நாட்களோடு ஒப்பிடுவதே நியாயம். புதிதாக ஜிம்முக்குப் போய் உடம்பு வலிக்கும் நாட்களிலும் தசைகளில் நீர் கோத்து எடை கூடும்.

இனி எப்படிப் பார்ப்பது? காலையில், கழிவறைக்குப் போய் வந்தபின், எதுவும் குடிக்குமுன், அதே மெஷினில், அதே சமதளத் தரையில். பாயின் மேலோ மிதியடியின் மேலோ வைக்காதீர்கள், அளவு தப்பும். எண்ணைக் குறித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஏழு நாள் ஆனதும் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் முந்தைய வாரச் சராசரிகளோடு வைத்துப் பாருங்கள். தினமும் எண்ணைப் பார்ப்பதே மனதை வாட்டுகிறது என்றால் மெஷினை விட்டுவிட்டு இடுப்பளவை மாதம் ஒருமுறை எடுத்தாலும் போதும்.

இதய செயலிழப்பு உள்ளவர்களுக்கு மட்டும் அன்றாட எண் நேரடியாகவே முக்கியம். தினமும் எடை பாருங்கள், மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே தெரிவியுங்கள் என்று டாக்டர்கள் அவர்களிடம் சொல்வது, அந்த வேகத்தில் ஏறக்கூடியது தண்ணீர்தான் என்பதால். கால் வீக்கமோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தால், யாராக இருந்தாலும் சராசரி போட்டுக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் போக வேண்டும்.

அக்கா அன்று பட்டினி கிடக்கவில்லை. வழக்கமான சாப்பாடு, வழக்கமான நடை. செவ்வாய் 73.5, புதன் 72.8, வியாழன் 72.5. "ராத்திரி ரெண்டு தடவை எழுந்திரிச்சுப் போனேன்டா" என்று புதன்கிழமை சொன்னாள். வெள்ளி 72.1. மோதிரம் பழையபடி சுழல்கிறது.

அவள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் தாளில் இப்போது வாரச் சராசரி மட்டும்தான் இருக்கிறது: 73.6, 73.1, 72.7, 72.7, 71.9. நான்காவது எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக 'கல்யாணம்' என்று எழுதி வைத்திருக்கிறாள்.