பிளாக்பெர்ரி: நாவல் அல்ல, கருமுட்பழம்

பிளாக்பெர்ரியைத் தமிழில் எழுதும்போது பலர் சட்டென்று 'நாவற்பழம்' என்று போட்டுவிடுகிறார்கள். நிறத்தைப் பார்த்து வந்த குழப்பம் இது. நாவல் வெப்ப நிலத்துக்கு உரிய பெரிய மரம். பிளாக்பெர்ரியோ ரோஜாக் குடும்பத்து முட்புதர்; நன்றாகக் காய்க்க அதற்குக் குளிர்காலம் வேண்டும். பெயரை நம்பி நாவல் கன்று போல நினைத்துக்கொண்டால் நடும் காலமே தப்பிப்போகும். முசுக்கொட்டையும் இது இல்லை, அது மல்பெரி.

'பிளாக்' கருப்பு, 'பெர்ரி' சிறு பழம். பழைய ஆங்கிலத்தில் திராட்சைக்கும் 'பெர்ரி' என்ற சொல்தான் வழங்கியது. ஆனால் தாவரவியல் கணக்கில் பிளாக்பெர்ரி, பெர்ரியே அல்ல. ஒரே பூவிலுள்ள பல சூலிலைகள் (பூவில் காயாக மாறும் பெண் உறுப்புகள்) தனித்தனிச் சிறு மணிகளாகப் பழுத்து ஒட்டிக்கொண்டிருப்பதால் இது திரள்கனி. ராஸ்பெர்ரியும் திரள்கனிதான். அதைப் பறித்தால் நடுவிலுள்ள பூத்தளம், அதாவது பூவின் உறுப்புகளைத் தாங்கும் காம்பு நுனி, செடியிலேயே நின்றுவிடும், பழத்துக்குள் குழி தெரியும். பிளாக்பெர்ரியில் பூத்தளமும் பழத்தோடு கூடவே வந்துவிடும்.

தமிழில் 'கருமுட்பழம்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கருமை, முள், பழம் மூன்றும் அதில் இருக்கின்றன. முள்ளில்லாத ரகங்கள் இப்போது உண்டு என்றாலும், இனத்தின் இயல்பைச் சொல்ல இந்தப் பெயர் போதும்.

நடவுக்கு முக்கியமான சொல் 'உறங்குநிலை'. குளிரில் இலை உதிர்ந்து செடி ஓய்ந்திருக்கும் காலம் அது. மண் இல்லாமல் வெறும் வேரோடு வரும் கன்றை அந்த உறக்கம் கலையும் முன் நட வேண்டும். கடுங்குளிர் உள்ள இடங்களில் மண்ணின் உறைவு விட்டதும், அதாவது வசந்தத்தின் தொடக்கத்தில் நடலாம். குளிர் மிதமான இடங்களில் இலையுதிர்காலக் கடைசியே நல்லது. வெயில் ஏறுமுன் வேர் பிடித்துவிடும். தொட்டியில் வளர்ந்த கன்றுக்கு இவ்வளவு கெடு இல்லை, கோடை உச்சத்தைத் தவிர்த்தால் சரி.

நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில் விழும், தண்ணீர் தேங்காத இடமாகப் பாருங்கள். மண்ணின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 5.5 முதல் 6.5 வரை இருக்கலாம். நிமிர்ந்து வளரும் ரகத்துக்கு 3, 4 அடி இடைவெளி. படரும் ரகத்துக்கு இன்னும் அதிகம், பந்தலும் வேண்டும்.

அப்புறம், முதல் ஆண்டு பழம் வரவில்லை என்று கவலைப்படாதீர்கள். பெரும்பாலான ரகங்களில் இந்த ஆண்டு முளைத்த தண்டு அடுத்த ஆண்டுதான் காய்க்கும். காய்த்த தண்டு பிறகு பட்டுப்போகும். அதை மட்டும் அடியோடு வெட்டி எடுங்கள், பக்கத்தில் வரும் புதுத் தண்டில் கை வைக்காதீர்கள்.