உதான் டிக்கெட்: 2,500 ரூபாய் எத்தனை கிலோமீட்டருக்கு, எத்தனை பேருக்கு?

சென்னையிலிருந்து சேலத்துக்கு வான்வழியில் ஏறத்தாழ 265 கிலோமீட்டர். சாலை வழியாகப் போனால் 340ஐ நெருங்கும். பஸ்ஸில் ஓர் இரவு கழிந்துவிடும். விமானம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஓமலூர் அருகே கமலாபுரத்தில் இறக்கிவிடும். (அங்கிருந்து சேலம் நகருக்குச் சுமார் 20 கிலோமீட்டர். அந்த வாடகைக் காருக்கு எந்த மானியமும் கிடையாது.)

சிறிய ஊர்களை விமானத்தால் இணைக்க மத்திய அரசு 2016 அக்டோபரில் அறிவித்த திட்டம் உதான். ‘ஒரு மணி நேரப் பயணம், 2,500 ரூபாய்’ என்ற விளம்பரம் எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது. ஆனால் விமானக் கட்டணத்தின் உச்சவரம்பைத் தீர்மானிப்பது நேரமல்ல, தூரம். சிறிய நிலையங்களுக்குப் பெரும்பாலும் வருவது ஏடிஆர் எனும் சிறிய ரக விமானம். மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் பறக்கும். அந்தக் கணக்கில் பிறந்ததுதான் ‘ஒரு மணி நேரம்’. ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் சேர்வதால்தான் 265 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம் பிடிக்கிறது. நேரத்துக்குக் காசு என்றால், சென்னை வானத்தின் நெரிசலுக்கும் பயணியே பணம் கட்ட வேண்டியிருக்கும்!

கட்டண உச்சவரம்பின் தொடக்கப் பட்டியலில் 151 முதல் 175 கிலோமீட்டர்வரை 1,420 ரூபாய். 800 கிலோமீட்டருக்கு 3,500 ரூபாய். ஹெலிகாப்டருக்கு மட்டும் நேரக் கணக்கு: அரை மணி நேரம்வரை 2,500, ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் 5,000. விலைவாசிக் குறியீட்டை ஒட்டி இவை திருத்தப்படும் என்பதால், பழைய பட்டியலைக் காட்டி இன்று வாதாட முடியாது.

இன்னொரு விஷயம், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: இந்த உச்சவரம்பு எல்லா இருக்கைகளுக்கும் கிடையாது. விமானத்தின் பாதி இருக்கைகளுக்கு மட்டுமே. அதுவும் குறைந்தது 9, அதிகபட்சம் 40. எழுபது பேர் அமரும் விமானத்தில் 35 பேருக்குத்தான் மலிவு டிக்கெட். மற்ற இருக்கைகளை நிறுவனம் விரும்பிய விலைக்கு விற்கலாம். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு மடங்கு கொடுத்திருந்தாலும் விதிமீறல் இல்லை.

மலிவாக விற்பதால் வரும் இழப்பை ஈடுகட்ட நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுகள் மானியம் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் அதில் 20 சதவீதம் மாநில அரசின் பங்கு; வடகிழக்கு மாநிலங்களுக்கு 10. வழித்தடங்களை ஒதுக்கும் ஐந்தாம் சுற்றில், 2023 ஏப்ரலில், வழித்தடத்துக்கு இடையில் வந்திருந்த 600 கிலோமீட்டர் வரம்பு நீக்கப்பட்டது. மானியக் கணக்கு மட்டும் 600 கிலோமீட்டரோடு நின்றுவிடும்.

மூன்றாண்டு முடிந்த பிறகுதான் உண்மையான சோதனை. தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2023இல் அளித்த அறிக்கையின்படி, ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 371 மட்டுமே தொடங்கின. சலுகைக் காலத்தைத் தாண்டியும் நீடித்தவை 54. சேலமும் இதைப் பார்த்த ஊர்தான்: 2018 மார்ச்சில் தொடங்கிய சேவை 2021இல் நின்றது, 2023 அக்டோபரில்தான் மீண்டும் விமானம் வந்தது.

பயணம் உறுதியென்றால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். மலிவு இருக்கைகள் தீர்ந்த பிறகு வருபவருக்கு, அதே விமானத்தில் சந்தை விலைதான்.