அந்த நோட்டை நான் பிரிக்கல

ஸ்கூல் கவுன்சிலர் வேலையில பசங்க சொல்றதை விட சொல்லாம உட்கார்ந்திருக்கிற நேரம்தான் ஜாஸ்தி. பதினஞ்சு வயசுப் பொண்ணு ஒருத்தி, ஸ்கூல் கொடுத்த லேப்டாப்ல ஃப்ரெண்டுக்கு "செத்துடலாம் போல இருக்குடி"ன்னு ஒரே ஒரு வரி டைப் பண்ணியிருக்கா, கண்காணிக்கிற சாஃப்ட்வேர் அதைப் பிடிச்சு அலர்ட் அனுப்பி, பிரின்சிபால் ரூம், அப்பா அம்மா, விசாரணைன்னு அரை நாள்ல எல்லாம் நடந்து முடிஞ்சிருச்சு. என்கிட்ட கூட்டிட்டு வந்தப்ப அவ சொன்னது ஒண்ணுதான், "இனிமே யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மிஸ்".

அலர்ட் வந்தது நல்லதுதானேன்னு கேப்பீங்க. உயிர் விஷயம், நானும் மறுக்கல. ஆனா அதுக்கப்புறம் நடந்த விதத்துல, அவ மனசு திறந்து பேசிட்டிருந்த ஒரே இடத்தையும் நாமளே மூடிட்டோம்.

பசங்க சும்மா இருக்கல. சாட் பண்றதை பிளாக் பண்ணா கூகுள் டாக்ஸ்ல ஒரே ஃபைலைத் திறந்து வெச்சு டைப் பண்ணி அழிச்சு பேசிக்கிறாங்க, கேமரா எட்டாத மாடிப்படியில போய் நிக்கிறாங்க. இதை ஒழுங்கீனம்னு எழுதி வைக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு வருத்தமா இருக்கு, முக்காவாசி நேரம் அங்க நடக்கிறது ஒருத்தியை இன்னொருத்தி தேத்துறதுதான்.

ஸ்வீடன்ல ஒரு ஸ்கூல் 22 பசங்களை வெச்சு முகத்தை ஸ்கேன் பண்ணி அட்டெண்டன்ஸ் எடுத்துப் பார்த்துச்சு, சம்மதம் வாங்கிட்டோம்னாங்க. ஸ்கூலை நம்பி இருக்கிற பிள்ளையோட சம்மதம் செல்லாதுன்னு சொல்லி 2019ல அந்த நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் அபராதம் போட்டுச்சு. ஐ.நா.வோட 1989 குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 16வது பிரிவுல குழந்தையோட கடிதப் போக்குவரத்துக்கும் பாதுகாப்பு இருக்கு.

அந்தப் பொண்ணும் ஃப்ரெண்டும் ஒரு ரஃப் நோட்டுக்கு பிசிக்ஸ்னு லேபிள் ஒட்டி மாத்தி மாத்தி எழுதிட்டிருந்திருக்காங்க. மூணு வாரம் கழிச்சு ஃப்ரெண்டே அவ கையைப் பிடிச்சு என் ரூமுக்கு இழுத்துட்டு வந்தா, "எனக்கு பயமா இருக்கு மிஸ், நீங்க பேசுங்க"ன்னு நோட்டை டேபிள் மேல வெச்சா. நான் பிரிக்கல. அந்தப் பொண்ணுகிட்ட, உனக்குத் தோணுற பக்கத்தை மட்டும் நீயே படின்னேன். ரெண்டு பக்கம் படிச்சா. அன்னைக்கே டாக்டர்கிட்ட போறதுக்கும் ஒத்துக்கிட்டா, அப்பா அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு மூணு பேருமா உட்கார்ந்து பேசினோம்.

இப்ப அலர்ட் முதல்ல எனக்கு வர்ற மாதிரி கேட்டு வாங்கியிருக்கேன். சாஃப்ட்வேர் எதையெல்லாம் பார்க்குதுன்னு வருஷ ஆரம்பத்துலயே பசங்ககிட்ட சொல்லிடறோம். வீட்ல லாகின் பண்ணாலும் பார்க்குமான்னு ஒரு பையன் கேட்டான். நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கேன், இன்னும் பதில் வரல.