சினையே பிடிக்காததற்கு என்ன சினைப்பருவம்?

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் கோவேறு கழுதைகளைப் பற்றிய ஒரு படம், தமிழ்க் குரலில். "பெண் கோவேறு கழுதை சினைப்பருவத்தில் இருக்கிறது" என்றது குரல். பக்கத்தில் இருந்த அம்மா, "குட்டியே போடாதுன்னு இப்பத்தானே சொன்னான், அப்புறம் எப்படிச் சினை?" என்றார். இந்தச் சொல்லை எத்தனையோ தடவை கேட்டுப் பல்லைக் கடித்திருக்கிறேன், அம்மா ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

ஈஸ்ட்ரஸ், அதாவது பெண் விலங்கு இணைசேரத் தவிக்கும் காலம், அதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். கிரேக்கத்தில் ஓய்ஸ்ட்ரோஸ் என்றால் மாட்டைக் கடித்து வெறிபிடிக்க ஓடவைக்கும் ஈ. அதிலிருந்து தவிப்பு, வெறி. வேர் அவ்வளவுதான், அதில் கருவும் இல்லை, சினையும் இல்லை.

சினை மாடு என்றால் வயிற்றில் கன்று இருக்கிறது என்றுதான் எவருக்கும் படும். சினைப்பருவம் கால்நடைக் கையேடுகளில் ஊறிப்போன சொல், பசுவுக்குச் சினை ஊசி போட நேரம் பார்ப்பவருக்கு உதவுகிறது, சரி. ஆனால் அவரும் வாய்திறந்தால் "மாடு பருவத்துக்கு வந்திருச்சு" என்றுதான் சொல்வார். கோவேறு கழுதையிடம் வந்ததும் சொல் உடைந்துவிடுகிறது. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, இதற்கு 63. குரோமோசோம்கள் சரியாக ஜோடி சேராததால் கருத்தரிப்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால் ஹார்மோன்களுக்கு அந்தக் கணக்கு தெரியாதே. மூளையில் உள்ள பினியல் சுரப்பி இரவில்தான் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். இரவு நீண்டால் அதிக நேரம், குறுகினால் குறைந்த நேரம். தாய்க் குதிரையின் உடல் இதை வைத்துத்தான் வசந்தம் வந்ததை அறிகிறது, சுமார் 21 நாளுக்கு ஒருமுறை வேட்கை கொள்கிறது. குளிர்காலத்தில் லாயத்தில் விளக்குப் போட்டு 16 மணி நேர வெளிச்சம் காட்டிப் பருவத்தை முன்னால் இழுப்பவர்களும் உண்டு. கோவேறு கழுதைக்கும், ஒழுங்கில்லாமல் என்றாலும், சுழற்சி வரும். ஆணுக்கோ விந்தில் வலுவில்லை, டெஸ்டோஸ்டிரோனுக்குக் குறைவில்லை, அதனால்தான் காயடிக்கிறார்கள்.

எனவே என் ஓட்டு வேட்கைப்பருவத்துக்கு. தவிப்பும் வருகிறது, காலமும் வருகிறது, கரு பற்றிய பொய் வாக்குறுதி இல்லை. காதில் கூச்சமாக விழுகிறது என்பவர்கள் நீர்வேட்கை என்று சொல்லிப் பார்க்கட்டும்.

இதைவிடக் கொடுமை, மாதவிடாய் என்று எழுதுவது. மாதக் கணக்கும் இல்லை, இரத்தப் போக்கும் இல்லை. இன்னொருவர் ஆங்கிலத்தின் "இன் ஹீட்" என்பதை அப்படியே பெயர்த்து "குதிரை வெப்பத்தில் உள்ளது" என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு யாராவது அதன் மேல் தண்ணீர் ஊற்றாமல் இருக்க வேண்டும்.