திருப்பி அனுப்பிய பணம் ஏன் தாமதமாக வருகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் வாசகர் ஒருவர், பாடத்தாள் வடிவமைக்கும் மென்பொருளுக்கு டாலரில் ஆண்டுச் சந்தா கட்டி, ஒத்துவராததால் நான்காம் நாளே ரத்து செய்திருக்கிறார். பணத்தைத் திருப்பிவிட்டதாக நிறுவனம் அன்றே மின்னஞ்சல் அனுப்பியது. பணம் கணக்கில் ஏறியதோ ஒரு வாரம் கழித்து, அதுவும் கட்டிய ரேண்டைவிடக் குறைவாக. இது எப்படி என்று கேட்கிறார்.

அட்டை எண்ணைக் கொடுத்ததும் விற்பவரின் வங்கி நம் வங்கியிடம் அனுமதி கேட்பதும், நம் வங்கி இருப்பைப் பார்த்துத் தொகையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சில நொடிகளில் சம்மதம் சொல்வதும் பலர் அறிந்தவை. அந்த நொடியில் ஒரு சென்ட்கூட இடம் மாறுவதில்லை என்பதுதான் பலர் அறியாதது. விற்பவர் தம் விற்பனைகளைத் தொகுத்து அனுப்பிய பிறகே வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன.

வங்கிக் கணினிகளின் இந்த உரையாடலுக்கான மொழியை வகுத்தது 1987-இல் முதலில் வெளியான ஐஎஸ்ஓ 8583 என்னும் சர்வதேசத் தரம். அதன் சிக்கனத்தை நான் எப்போதும் வியந்து ரசிப்பேன். ஒவ்வொரு செய்தியும் நான்கு இலக்கங்களுடன் தொடங்குகிறது. இரண்டாம் இலக்கம் வந்த காரியத்தைச் சொல்லிவிடும். 0100 என்றால் அனுமதிக் கோரிக்கை, 0110 அதற்கான பதில், 0400 என்றால் முந்தைய கோரிக்கையை இல்லாததாக்கும் ரத்துச் செய்தி. 'ரத்து' என்று மொட்டையாகச் சொன்னால் போதாது என்பதால், அச்செய்தியின் 90-ஆம் புலம் (தகவலுக்கான கட்டம்) பழைய செய்தியின் வகை, வரிசை எண், அனுப்பிய தேதி, நேரம் முதலியவற்றை 42 இலக்கங்களில் சுமந்து வருகிறது. நம் வங்கியின் கணினி அதைக் கொண்டு பழைய பதிவைத் தேடிப் பிடித்து, ஒதுக்கிய தொகையை விடுவிக்கிறது. பணம் நகரவே இல்லையாதலால் திரும்பி வரவேண்டியதும் ஒன்றுமில்லை.

கணக்குத் தீர்த்தபின் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. மளிகைக்கடைப் பற்று நோட்டில் மாதக் கூட்டல் போடுவதற்கு முன் ஒரு வரியை அடித்துவிடலாம். போட்டபின் புதிய வரவாகத்தான் எழுத வேண்டும். நம் வாசகருக்கு நடந்தது இரண்டாவது வகை. நிறுவனம் அனுப்பியது எதிர்த்திசையில் செல்லும் ஒரு புதிய பரிவர்த்தனை; அதுவும் தொகுப்பில் சேர்ந்து, வங்கி வேலைநாள்களுக்குக் காத்திருந்து, கடைசியில்தான் அவர் கணக்கை எட்டியது.

தொகை குறைந்ததற்கும் இதுவே காரணம். புதிய பரிவர்த்தனைக்குப் புதிய நாளின் மாற்று விகிதம். டாலர் 18.50 ரேண்டாக இருந்தபோது 100 டாலர் கட்டியவர் 1,850 ரேண்ட் இழக்கிறார். டாலர் 18 ரேண்டுக்கு இறங்கியபின் அதே 100 டாலர் 1,800 ரேண்டாகவே திரும்புகிறது. டாலர் ஏறியிருந்தால் லாபம் கிடைத்திருக்கும், அப்போது அவர் எனக்கு எழுதியிருக்க மாட்டார்!

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தார். தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, இணையவழி ஒப்பந்தத்தை ஏழு நாள்களுக்குள் காரணம் கூறாமல் ரத்து செய்யவும், ரத்து செய்த 30 நாள்களுக்குள் முழுப் பணத்தைப் பெறவும் உரிமை தருகிறது. ஆனால் உறை பிரித்த மென்பொருளுக்கும், நுகர்வோர் சம்மதத்துடன் அந்த ஏழு நாள்களுக்குள்ளேயே தொடங்கிவிட்ட சேவைக்கும் 42-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. மென்பொருள் குறுந்தட்டில் அடைத்து விற்கப்பட்ட காலத்து விதி இது. பணம் கட்டிய நிமிடமே சேவை திறந்துகொள்ளும் இக்காலத்தில் இவ்விலக்கு உரிமையையே விழுங்கிவிடக்கூடும் என்பதால், இதைத் திருத்த வேண்டும் என்பது என் கருத்து.

இனி இப்படித் தாமதமானால், திருப்பிய பரிவர்த்தனைக்குரிய, அதைத் தடம் பிடிக்க உதவும் 23 இலக்க ஏஆர்என் (ARN) எண்ணை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி வங்கியிடம் கொடுக்கலாம். பணம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை அதை வைத்துத் தேட முடியும். அந்த எண்ணை நிறுவனத்தால் தர இயலவில்லை என்றால், பணம் இன்னும் அனுப்பப்படாமலே இருக்கலாம்.